புள்ளிக்குப் பின்னாலும் பார்த்த கோகிலா

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி அழைத்தபோது நான் பதுளை பஸ் நிலையத்தில் வடை தின்றுகொண்டிருந்தேன். "அண்ணே, நம்ம கோகிலா மிஸ் எறந்துட்டாங்க." "சும்மா சொல்லாத, நேத்துதான் என்னையத் திட்டுனாங்க" என்றேன். மறுமுனையில் அழுகைதான் வந்தது. வடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு எங்கள் கணினி நிலையமும் தெரியும். கடைவீதியில் புடவைக் கடைக்கு மேல்மாடி. நான் தட்டச்சு சொல்லிக்கொடுப்பவன். கோகிலா சனிக்கிழமைகளில் தோட்டத்து ஆட்களுக்கு சி என்ற கணினி மொழி நடத்துவார். கீழே சேலை பார்க்க வந்தவர்கள் மேலே கேட்கும் சத்தத்தைப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைப்பார்கள். அவர் சண்டையெல்லாம், நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றிக்கொடுக்கும் கம்பைலரோடுதான். புருஷன் பாவம், வாயில்லாப் பூச்சி.

மாரியாயியின் தோட்டத்தில் ஒருமுறை கொழுந்து பறிக்கும் போட்டி நடந்தது. வெற்றி வரிசையைப் போடும் கணினி நிரல் கோகிலாவுடையது, மைக் என்னுடையது. திரையில் வள்ளியம்மா முதலிடம், மாரியாயி இரண்டாமிடம். நான் நாலு ஜோக் அடித்து வள்ளியம்மாவுக்கு மாலையும் போட வைத்துவிட்டேன். அப்போது மாரியாயி எழுந்தார்: "என் கூடைய நிறுத்தப்ப பதினாலு புள்ளி ஆறுன்னு கத்துனாங்களே! அவளுக்குப் பதினாலு புள்ளி ரெண்டுதானே?"

கோகிலா கணினியின் முன் குனிந்தார். முகம் சிவந்தது. அன்று அவர் எனக்கு விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது: "வரிசைப்படுத்துற நிரலுக்கு எது பெரிசுன்னு தெரியாதுண்ணே. அதச் சொல்ல நடுவர் மாதிரி இன்னொரு குட்டி நிரல எழுதி, அந்த நடுவரோட விலாசத்த மட்டும் அதுகிட்ட குடுப்போம். ரெண்டு பேர் வந்தா அங்க போயிக் கேட்டுக்கும்." அந்த விலாசத்துக்குப் பெயர்தான் ஃபங்ஷன் பாயின்டர். நடுவர் முழு எண்ணில்தான் பதில் சொல்ல வேண்டும். கோகிலாவின் நடுவரோ இரண்டு எடைகளையும் கழித்து வந்ததை அப்படியே நீட்டிவிட்டார். புள்ளி நான்கு, முழு எண்ணுக்குள் நுழையும்போது பூஜ்யமாகிவிட்டது. பூஜ்யம் என்றால் இருவரும் சமம். யார் முன்னால் நின்றாலும் சரி. கம்பைலர் ஒரு முனகல்கூட முனகவில்லை.

"அரைக் கிலோகூட இல்லியே, விடுங்க மிஸ். மாலை போட்டாச்சு" என்றார் தோட்டத்து மேனேஜர் துரை.

"அவங்க கொழுந்து அரைக் கிலோ கொறஞ்சா நீங்க விடுவீங்களா தொரை?"

கூட்டத்தில் விசில் பறந்தது. கோகிலா என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். "தப்பு மெஷினோடது இல்ல, என்னோடது. மொத எடம் மாரியாயிக்கு." வள்ளியம்மா மாலையைக் கழற்றி மாரியாயியின் கழுத்தில் வீசினார்: "இந்தாடி, எனக்குக் கழுத்து அரிக்குது."

அதன்பிறகு, இப்படிச் சத்தமில்லாமல் நடக்கும் மாற்றங்களை எச்சரிக்கும்படி கம்பைலரிடம் சொல்லிவைக்காமல் கோகிலா எந்த நிரலையும் ஓடவிட்டதில்லை. எச்சரிக்கை வந்தால் பிழை வந்ததாகவே எண்ணுவார். "கத்துற தப்பு நல்ல தப்புண்ணே. சத்தமில்லாம வெட்டிவிடுறதுதான் ஆள முழுங்கும்" என்பார்.

செத்த வீட்டில் நிலையத்து முதலாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெதுவாகத்தான் பேசினார். "சனிக்கிழமை வகுப்ப நிப்பாட்டிருவோம். தோட்டத்து ஆளுகளுக்கு சி எதுக்கு? டைப்பிங் போதும்."

சத்தமில்லாமல் வெட்டுகிறார். எனக்குள் அந்த எச்சரிக்கை கத்தியது.

"வகுப்பு இருக்கு" என்றேன், ஒப்பாரியையும் மீறி.

"யாரு நடத்துவா?"

"நான்தான்."

துக்க வீட்டில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வரியின் முடிவில் அரைப்புள்ளி போட மறந்துவிட்டு, நிரல் ஓடாததற்கு மின்சார சபையைத் திட்டியவன் நான். மாரியாயி மட்டும் சிரிக்கவில்லை. "நான் வாரேன்ணே. உக்கார எனக்கும் ஒரு கதிர போடுங்க" என்றார்.

ஆகவே வரும் சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு மாடிக்கு வாருங்கள். கோகிலாவை அறிந்தவர்கள் வந்து என் நிரலைத் திட்டலாம். கம்பைலரின் எச்சரிக்கைகள் எல்லாம் திறந்தே இருக்கும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். கணக்குப் பார்த்தால் நான் அவரில் புள்ளி நான்குதான் தேறுவேன். ஆனால் அதைப் பூஜ்யம் என்று யாரும் எழுத விடமாட்டேன்.