தம்ளரில் எழுந்த நுரை

வேதியியல் பட்டதாரியான என் சொல்லுக்கு எங்கள் ஊரான காவாந்தண்டலத்தில் மறுசொல் இருந்ததில்லை. மனைவி எங்கள் மகள் வீட்டுக்குச் சென்றிருந்த வாரம், பாத்திரங்களை நானே துலக்கினேன். சோப்புப் போட்டுத் தேய்த்தபின் துணியால் துடைத்தாலே போதும், அலசுவது தண்ணீருக்குக் கேடு என்பது என் முடிவு.

அப்போது ஒருநாள் வந்த நண்பர் காபியை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"இன்னா சார், பால்ல சோப்புத்தூள் போட்டுகீதா அந்தப் பால்காரம்மா?"

நான் ஒரு தம்ளரில் பாலும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கினேன். நுரை பொங்கியது. "கலப்படம்தான்" என்று தீர்ப்பளித்தேன். மறுநாளே மூன்று வீட்டார் பால்காரி கன்னியம்மாளிடம் பால் வாங்குவதை நிறுத்தினார்கள்.

அவள் நேராக என்னிடம் வந்தாள். நான் துலக்கிக் கவிழ்த்திருந்த தம்ளர் ஒன்றில் வெறும் தண்ணீரை ஊற்றிக் குலுக்கினாள். அதிலும் நுரை.

"அப்போ தண்ணியிலயும் நான்தான் சோப்பு போட்டுகீறேனா, சார்?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

அந்த மூன்று வீடுகளுக்கும் சென்று, மீண்டும் அவளிடமே பால் வாங்கச் சொன்னேன். காரணத்தைச் சொல்ல மட்டும் மனம் இடங்கொடுக்கவில்லை. பெருந்தன்மையோடு அவளை நான் மன்னித்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

மன்னிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. பால் சுத்தமானது. தம்ளரை அலசாதவன் நான்.