என் கட்டைவிரலும் செல்வியின் புரோகிராமும்

செங்கல்பட்டில் ஒரு காலத்தில் நான் சாஃப்ட்வேர் பாடம் நடத்தியவன்.

சரி, பொய். கம்ப்யூட்டர் சென்டரில் பெருக்கித் துடைத்து டீ வாங்கி வந்தவன். ஆனால் நிறைய பேரை ஃபெயிலாக்கியிருக்கிறேன். அது சத்தியம்.

போன வாரம் கூடுவாஞ்சேரியில் ஒரு சிறுசேரி கம்பெனி வேன் நின்றது. கழுத்தில் அட்டையோடு இறங்கிய பெண், "இன்னாண்ணா, இன்னும் வயசு கேட்டா பேரைத்தான் அடிக்கிறியா?" என்றாள்.

செல்வி!

அப்போது சென்டரில் பாடம் நடத்திய ஆனந்தன் சாருக்கு ஒரு வழக்கம். பிள்ளைகள் புரோகிராம் எழுதி முடித்ததும் என்னை அதன் முன்னால் உட்கார வைப்பார். "எழுதினவன் சரியாத்தான் அடிப்பான். இவரு அடிச்சும் தாங்கி நின்னாதான் அது புரோகிராம்" என்பார். என்ன ஒரு மரியாதை பாருங்கள்... எனக்கு இங்கிலீஷில் அடிக்கத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான். வயது கேட்டாலும் அதையே அடிப்பேன். திரை உறைந்துவிடும். எழுதியவன் என்னை முறைப்பான்.

மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வருகிற செல்வியின் முறை வந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு போடுகிற புரோகிராம். கம்பெனி இன்டர்வியூவுக்கு ஒரே ஒருவரைத்தான் அனுப்புவார்கள். இது தேறினால் அவள்தான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவள் தேறட்டும் என்று ஜாக்கிரதையாக, வயதுக்கு வயதையே தேடித் தேடி அடித்தேன்.

செல்வி கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாண்ணா, புதுசா ஒழுங்கா அடிக்கிற? எப்பவும் மாதிரி அடி. நாளைக்கு ஆஸ்பத்திரில உன்ன மாதிரி ஆளுதான் குந்திகினு இருப்பான்."

ரோஷம் வராதா? பெயரை அடித்தேன். வயதை எண்ணில் போடச் சொன்னது. அறுநூறு போட்டேன். மறுபடி யோசிக்கச் சொன்னது. முழங்கையை வைத்து அழுத்தினேன். பணிவாக முதல் கேள்விக்கே திரும்பிப் போனது. என் வீட்டில்கூட யாரும் என்னிடம் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

அந்த ஏசி ரூமுக்குள் செருப்பு கூடாது. அப்புறம் ஒழுங்காக நாலைந்து சீட்டும் போட்டு முடித்த களைப்பில் வெறுங்காலை மேஜைக்கடியில் நீட்டினேனா... கட்டைவிரல் சுவிட்சில் பட்டது. திரை இருண்டது. செல்வி முகமும்தான்.

சார் மறுபடி ஆன் செய்தார். அது கண் விழிப்பதற்குள் திருப்போரூர் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். திரை வந்தது. நான் போட்ட சீட்டு அத்தனையும் அப்படியே இருந்தன.

"ஒவ்வொரு சீட்டுக்கும் அதுவே சேவ் பண்ணிக்கும் சார்" என்றாள் செல்வி, மெல்ல.

சார் இன்டர்வியூ தாளில் அவள் பெயரை எழுதினார். நல்ல புரோகிராமர் உருவாக ஒரு நல்ல வாத்தியார் மட்டும் போதாது, ஒரு நல்ல மடையனும் வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. செல்வி நேராக என்னிடம் வந்து...

"யோவ், புது செல்போன்ல இன்னாத்த அமுக்கின? ஒரு நம்பரும் காணோம்!"

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி கூப்பிடுகிறாள், மீதி அப்புறம். போகணும்.

செல்வி செய்த போனாக இருந்தால் சேவ் ஆகியிருக்கும்.