கேட்டுல ஏழு அந்தோணி

கிட்ட வந்து உக்காருங்க, லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கம்பெனி கேட்டுல நோட்டு எழுதற வேலைன்னா, உள்ள போறவனும் திட்டுவான், வெளிய வர்றவனும் திட்டுவான். ஒரகடத்துல நான் அதைத்தான் பார்க்கறேன். நீங்களும் எங்கயாவது கேட்டுல நின்னிருந்தா, சிரிக்காம கேப்பீங்க.

கருவாட்டுப் பார்சல்

எங்க கம்பெனியில தூத்துக்குடிப் பக்கத்துப் பசங்க ஜாஸ்தி. அங்க ஊருக்கு ஊரு அந்தோணியார் கோயில். அதனால இங்க ஆறு அந்தோணி. வெல்டிங் அந்தோணி, பெயின்ட் அந்தோணின்னு நானா பேரு வெச்சு சமாளிச்சுக்கினு இருந்தேன். ஒருநாள் வெறும் 'அந்தோணி'ன்னு எழுதி ஒரு பார்சல் வந்துச்சு. கருவாடு. ஆறு பேரும் ஓடி வந்து என்னுதுன்றான். வெல்டிங் அந்தோணி மட்டும் நிதானமா சொன்னான்: "பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு கடிக்கக் குடுங்க தாத்தா, அவனவன் அம்மை போட்ட உப்பு அவனவனுக்குத் தெரியாதா?"

பங்காளி

மெஷின் மாட்ட இத்தாலியில இருந்து ஒருத்தர் வந்தாரு. உள்ள எல்லாருக்கும் அவர் பாவ்லோ சார். ஆனா பாஸ்ல முதல்ல இருந்தது அவங்க குடும்பப் பேரு. கூட வந்த டிரைவர் அதை அந்தோணின்னு படிச்சாரு, நானும் அப்படியே எழுதிட்டேன். டிரைவர் கதை சொன்னாரு: ரோமாபுரியில ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அந்தப் பேர்ல பெரிய குடும்பம் இருந்துச்சாம். அதுல ஒரு படைத்தலைவர் எகிப்து ராணி மேல ஆசை வெச்சு, சண்டையில தோத்து, உசுரையே விட்டாராம். வெல்டிங் அந்தோணி எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப நாங்க பங்காளில்லா? சொத்துல பாகம் உண்டான்னு கேளுங்க தாத்தா" அப்படின்றான்.

மூணு மணி

ஷிப்ட் நடுவுல மூணு தடவை வெளிய போனா பர்மனென்ட் கிடையாது. வெல்டிங் அந்தோணிக்கு அது கிடைச்சாத்தான் பொண்ணு வீட்டுல சம்மதம். எச்.ஆர். சார் என் நோட்டைப் புரட்டினாரு. 'அந்தோணி, மூணு மணி'ன்னு வரிசையா மூணு நாள். பர்மனென்ட் லிஸ்ட்டுல இருந்த ஒரே அந்தோணி இவன்தான், பேரை அடிச்சுட்டாரு. "சார், அது இத்தாலிக்காரர் சார், இளநீ குடிக்கப் போவாரு"ன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துட்டு என்னைப் பார்த்தாரு: "பாவ்லோ எப்படிய்யா அந்தோணி ஆவாரு? யாருகிட்ட கதை விடற?"

இளநீ வண்டி

வெல்டிங் அந்தோணி கத்தல, அழல. "மூணு மணி வரைக்கும் கேட்டுல நில்லுங்க சார்"னு கூட்டிக்கினு வந்துட்டான். நானும் நோட்டைத் திறந்து வெச்சேன். மணி மூணு. இத்தாலிக்காரர் வந்தாரு. "பேரு இன்னா சார்?"னு தினம் கேக்கற மாதிரியே கேட்டேன். மாரைத் தட்டி, "அந்தோணி"ன்னுட்டு இளநீ வண்டிக்குப் போயிட்டாரு. எச்.ஆர். சார் பேனாவை எடுத்து, அடிச்ச பேரைத் திரும்ப எழுதினாரு. அப்புறம் சொன்னாரு: "இங்க இருக்கற ஆறு பத்தலையாய்யா உங்களுக்கு?"

பர்மனென்ட் ஆனவனுக்குச் சட்டையில குத்தற பேட்ஜுக்கு ஒரு ஃபாரம் குடுத்தாங்க, அதுல குடும்பப் பேருன்ற இடத்துல 'அந்தோணி'ன்னும், சொந்தப் பேருன்ற இடத்துல 'வெல்டிங்'ன்னும் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான் அந்தப் பய.