சார்ஜ் ஏறாத டாக்சி

கார் எலெக்ட்ரீஷியன் வேலையில் ஒரு சௌகரியம்: வண்டியில் எது கெட்டாலும், ஓட்டிக்கொண்டு வருகிறவர் "பேட்டரிதான் தம்பி" என்று முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுவார், விசாரணை மட்டும்தான் நம் பாக்கி. கறுத்த விரல்களோடு சோற்றில் கை வைக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இது புதிதில்லை. திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் நான் கடை போட்டிருந்தபோது கோவிந்தண்ணனின் டாக்சி என்னைப் படுத்திய பாட்டை மட்டும் சொல்கிறேன்.

வாய்க்கால் குளியல்

அந்த ஐப்பசியில் குறுவைக் கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. கூலித் தகராறு தீராததால் யாரும் அரிவாளைத் தொடவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டே வந்தது. இன்னொரு பெருமழை பெய்தால் வயலிலேயே நெல் முளைத்துவிடும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தஞ்சாவூர் ரெவின்யூ ஆர்.டி.ஓ. ஆபீசில் கூலிப் பேச்சுவார்த்தை. நிலத்துக்காரரான மிராசுதாரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கோவிந்தண்ணன் பொறுப்பு. அவர் வண்டியோ, ஆள் தள்ளினால்தான் கிளம்பியது.

"பேட்டரிதான் தம்பி. பாரு, சார்ஜ் விளக்குகூட எரியல. டைனமோ நல்லாத்தான் இருக்கு" என்றார். சாவி போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால்தான் வம்பு. ஸ்க்ரூ டிரைவரை டைனமோவின் பின்புறம் வைத்துப் பார்த்தேன். காந்தம்போல இழுக்க வேண்டியது, சும்மா இருந்தது. கழற்றினால் உள்ளே விதை தெளிக்கலாம்போல வண்டல். கார்பன் பிரஷ் இரண்டும் சேற்றில் சிக்கிக் கிடந்தன. வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தால் அண்ணன் வண்டியை பானெட் முங்க இறக்கிக் குளிப்பாட்டுவாராம். இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

"மாட்ட மூக்கு வரைக்கும் முக்குறோம், அதுக்கு என்ன டைனமோவா போயிடுச்சு?"

டீக்கடை வித்தை

ஊர் வாயில் டைனமோ என்றாலும், அவர் வண்டியில் இருந்தது புதுவகை ஆல்டர்னேட்டர். தஞ்சாவூரிலிருந்து வேறொன்று வரவழைத்து வியாழன் காலையில் மாட்டினேன். "எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழட்டிடாதீங்க அண்ணே" என்றும் சொன்னேன். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பழைய டைனமோ வண்டிக்காரர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. ஓடுகிற வண்டியில் பேட்டரி வயரைப் பிடுங்குவார்கள். எஞ்சின் நிற்காவிட்டால் டைனமோ நல்ல ஜாதி. ஆல்டர்னேட்டரில் அதையே செய்தால் உள்ளே இருக்கும் டயோடு வெந்துவிடும். அண்ணன் நேராக டீக்கடைக்குப் போய் பானெட்டைத் திறந்து வயரைப் பிடுங்கினார். எஞ்சின் ஓடியது, கூட்டம் கை தட்டியது. தாமதமாக வந்தவர்களுக்காக மறுபடியும் பிடுங்கினார். சாயங்காலம் வண்டி என் வாசலில்; இப்போது சிவப்பு விளக்கு அணைய மறுத்தது. பிரித்துக் காட்டினேன். வெந்த வாடை அவருக்கே வந்தது.

"வாங்குற மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கறதில்லயா தம்பி? அப்படித்தான் பாத்தேன்!"

ஹாரன், கைகாட்டி, வைப்பர்

விடிந்தால் பேச்சுவார்த்தை, தஞ்சாவூரில் கடை திறக்கும்வரை வேறு ஆல்டர்னேட்டருக்கு வழியில்லை. என் கடையில் நன்றாகச் சார்ஜ் ஏற்றியிருந்த பேட்டரியை வைத்து, "ஹாரன், லைட், வைப்பர் எதையும் தொடக் கூடாது, எஞ்சினை அணைக்கக் கூடாது. இஞ்ச இருக்கிற கரண்டுதான் தஞ்சாவூர் வரைக்கும்" என்று அண்ணன் காதோரமாகக் கத்தினேன். நம்பிக்கையில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன்.

மிராசுதாரைப் பின் சீட்டில் என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வந்தால், பஸ் ஸ்டாண்டில் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் காத்தமுத்து நின்றிருந்தார். முதல் பஸ் வரவில்லை. "அவன் வராம யாரோட பேசறது? ஏறச் சொல்லு. முன்னால உக்காரட்டும்" என்றார் மிராசுதார். ஏறும் ஆளைப் பார்த்து டேஷ்போர்டில் ஆளுங்கட்சித் தலைவர் படத்தையோ எதிர்க்கட்சித் தலைவர் படத்தையோ திருப்பி வைப்பது அண்ணன் வழக்கம். ஒரே அட்டையின் இரண்டு பக்கம். அன்றைக்கு ஏறியவர்கள் ஆளுக்கொரு கட்சி, அட்டையைக் குறுக்கே நிறுத்திவிட்டார்.

கொஞ்ச தூரத்தில் வைக்கோல் வண்டி வழியை மறித்தது. அண்ணன் கை ஹாரனுக்குப் போக, நான் பின்னாலிருந்து எட்டிப் பிடித்துக்கொண்டேன். காத்தமுத்து ஜன்னலில் தலையை நீட்டி, கோஷம் போட்டுப் பழகிய தொண்டையைத் திறந்தார்: "ஏய், ஒதுங்கு! ஒதுங்கு!" மாடே ஒதுங்கியது. திருப்பத்தில் பின்னால் பார்த்து, "சார், வலது பக்கம் கைய நீட்டுங்க" என்றார். எசமான் என்று கேட்டே பழகிய மிராசுதார் அந்த 'சாரை' மென்று விழுங்கிவிட்டு, மோதிரக் கையை மழையில் நீட்டினார். தூறல் வலுத்து முன்கண்ணாடி மறைந்ததும் காத்தமுத்து மறுபடியும் திரும்பினார்: "சார், அந்தத் துண்டு." மிராசுதார் தோளைத் தொட்டுப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சரிகைத் துண்டைக் கொடுத்தார். அதை வாங்கி அண்ணன் ஜன்னல் வழியாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் பேட்டரி மூச்சை விட்டது. மிராசுதாரும் காத்தமுத்துவும் இறங்கித் தோளோடு தோளாக வண்டியை உள்ளே தள்ளியதை ஆபீஸே ஜன்னலில் நின்று பார்த்தது. மத்தியானத்துக்குள் கூலி முடிவாகிவிட்டது. மறுநாள் விடியலில் அறுப்பு. காத்தமுத்துவோடு வெளியே வந்த மிராசுதார், புது ஆல்டர்னேட்டரோடு நின்ற என்னிடம் ஈரத் துண்டைப் பிழிந்தபடி சொன்னார்:

"இவன் தொண்டைய இவ்வளவு கிட்டக்க இன்னைக்குத்தான் கேட்டேன், கையெழுத்துப் போட்டுட்டேன், போறப்பவாவது ஹாரன் அடிக்கற மாதிரி பண்ணுப்பா!"

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளில் சார்ஜ் ஏற வைத்திருக்கிறேன் என்றாலும், ஊருக்கு உபயோகமாக இருந்தது சார்ஜ் ஏறாத அந்த ஒன்றுதான்.