இடது பக்கம் என்றால் வலது பக்கம் போன பைக்

அவர் குவைத்திலிருந்து இரண்டு மாத லீவில் வந்தபோது எனக்குப் புடவையும், மாமியாருக்குக் கோடாலித் தைலமும், தனக்கென்று ஒரு ரிமோட் பைக்கும் வாங்கி வந்திருந்தார்.

“நாப்பது வயசுல வெளையாட்டு சாமானா?” என்று மாமியார் சிரித்தார்.

“சின்னப் புள்ளையில ஆசைப்பட்டதும்மா. இப்பதான் வாங்க முடிஞ்சுது.”

தனித்தனியாக வந்திருந்த பாகங்களை ஹாலில் பாய் விரித்து மூன்று நாள் பூட்டினார். தீப்பெட்டி அளவு மோட்டார் ஒன்றுதான் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தி, ரிமோட்டின் குமிழை இடது பக்கம் திருப்பினால் முன்சக்கரம் வலது பக்கம் திரும்பியது. “உல்ட்டாவா இருக்குது” என்று ரிமோட்டிலிருந்த ரிவர்ஸ் சுவிட்சை மாற்றிவிட்டார். சக்கரம் சொன்ன பக்கம் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை, நான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசும் செராமிக் கம்பெனியின் காயவைக்கும் களத்தில் ஓட்டிப்பார்த்தோம். இடது பக்கம் திருப்பினால் பைக் வலது பக்கம் சாய்ந்து விழுந்தது. நாலைந்து முறை அப்படியே.

“நிக்கறப்ப சரியா இருக்குது, ஓடறப்ப மாறிப்போவுதே!”

எனக்கு என் ஸ்கூட்டி ஞாபகம் வந்தது. “ஏங்க, மொதல்ல இருந்ததுதான் சரி. வேகமாப் போறப்ப ஹேண்டில லேசா வலது பக்கம் தள்ளுனாதான் வண்டி இடது பக்கம் சாயும்.”

“ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? கம்மாபுரத்துல நம்ம வீட்டுலேர்ந்து இங்க வேலைக்குத் தெனம் ஓட்டிக்கிட்டு வரேன்ல.”

அவர் சுவிட்சைப் பழையபடி மாற்றினார். பைக் அழகாக இடது பக்கம் சாய்ந்து வளைந்தது. ஆனால் நேராக விட்டால் வலது பக்கமே இழுத்தது. மோட்டாரின் பல்சக்கரத்தில் மாட்டியிருந்த, ஹேண்டிலைத் திருப்பும் சின்னக் கை ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. அவர் ரிமோட்டின் குமிழை நடுவில் பிடித்துக்கொள்ள, நான் அதைக் கழற்றி நேராக மாட்டினேன். அதற்கப்புறம் களம் முழுக்க வட்டமடித்தது. பேட்டரி தீரும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டினோம்.

வெளியே வந்ததும் ஸ்கூட்டி சாவியை என்னிடம் நீட்டினார். லீவில் வந்தால் எப்போதும் அவர்தான் ஓட்டுவார்.

“நீ ஓட்டு. நான் பின்னாடி குந்திக்கிறேன்.”

வீட்டுக்குப் போகாமல் பெண்ணாடம் வரை போனோம். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி காதில் விழவில்லை, நானும் நிறுத்திக் கேட்கவில்லை.