ஐந்து கணினிகளும் ஆவி பறக்காத சோறும்

வலைப்பக்கம் செய்வது பாதி வேலைதான்; அது அடுத்தவர் கணினியில் எந்தக் கோலத்தில் நிற்கிறதோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது மீதி வேலை.

போன் லைன் வழியாக இன்டர்நெட் வந்த டயல்-அப் காலத்தில் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். நம் கணினியில் மணப்பெண்ணாக நின்ற பக்கம், அடுத்த தெருவில் திறந்தால் தலை ஓரிடம், கால் ஓரிடம் என்று கிடக்கும். ஒரு பிரவுசர் சொன்ன பேச்சைக் கேட்கும். இன்னொன்று தன் இஷ்டத்துக்கு ஆடும். பக்கம் எழுதுவதற்கென்று பொதுவான விதிமுறைகள் உண்டு. அவற்றை மதித்து எழுதியவர்களை அப்போது மலாக்காவில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் ஒன்று நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

ஊர்வலம்

காஜா பெராங்கில், முருகையா அண்ணனின் மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் என் அறை. ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க மாட்டேன். என் பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். என் கணினியில் பார்த்தது போக, பக்கத்துக் கம்பத்துச் சிற்றூரில் மீனாச்சி ஆண்ட்டி வீடு, தெங்கேராவில் ஒரு சீனர் அச்சகம், உஜோங் பாசிரில் என் தோழி வீடு, கடைசியாக டவுன் நூலகம். ஐந்து இடம், ஐந்து கணினி, ஐந்து விதமான பிரவுசர். ஐந்திலும் ஒழுங்காகத் திறந்தால்தான் அது பக்கம். இதற்கு நான் வைத்த பெயர் ஊர்வலம்.

ஒருநாள் தெங்கேராவில் கோணலாகத் தெரிந்த ஒரு பக்கத்துக்காக நான்கு முறை போய் வந்தேன். நான்காவது முறை, கையில் ஸ்பானரோடு முருகையா அண்ணன் வழிமறித்தார். "மோட்டார ரிப்பேர் பண்ணா நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்பேன், சரி. நீ என்னம்மா, இன்டர்நெட்டையே ரவுண்டு ஓட்டிப் பாக்கிற!"

ஆறிய சோறு

சரசு அக்கா பத்து பெரெண்டாமில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷம் உற்பத்தி லைனில் நின்று வேலை செய்தவர். கால் வீக்கம் தாங்காமல் வேலையை விட்டு, வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். கை மணம் அப்படி. ஆனால் வந்ததெல்லாம் பிறந்தநாள், காதுகுத்து என்று சில்லறை ஆர்டர்கள். அந்த நேரத்தில்தான் அவருடைய பழைய தொழிற்சாலை கேன்டீனுக்குப் புதிதாக ஆள் தேடியது. வலைப்பக்கம் இருப்பவர்கள் முகவரியை அனுப்பலாம் என்று அறிவிப்பு. கிடைத்தால் நிரந்தரமான சமையல் வேலை. கிடைக்காவிட்டால் மறுபடியும் அதே லைன், அதே நிற்பு. இதை அக்கா அழாமல் சொன்னார். தனக்கு ஒரு பக்கம் செய்து தரச் சொன்னார்.

பக்கத்தைச் செய்து காட்டினேன். சமையல் வகைகள், எந்த நாள் என்ன சாப்பாடு, போன் நம்பர். அக்காவின் முகம் மலரவில்லை. போட்டிக்கு நின்ற இன்னொரு சமையல்காரருக்குக் கோலாலம்பூரில் ஒருவர் பக்கம் செய்து கொடுத்திருந்தார். அதில் சோற்றுப்பானை தானாகத் திறக்கும், நாதஸ்வரம் கேட்கும். அக்கா அதை யார் வீட்டிலோ பார்த்துவிட்டார். "அவங்க சோத்துல ஆவி பறக்குது வாணி. என் சோறு மட்டும் ஏன் ஆறிப்போய் கெடக்கு?"

படம் வேண்டாத ஆண்ட்டி

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. போட்டிக்காரரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், இன்ன பிரவுசர் இருந்தால் மட்டுமே இந்தப் பக்கம் தெரியும் என்று ஓர் அறிவிப்பு. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சாப்பிட வந்தவரை வாசலில் நிறுத்தி, உங்கள் சட்டை சரியில்லை, போய் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? என் வழக்கம் வேறு. முதலில் நிறமும் படமும் இல்லாமல் வெறும் எழுத்தாக எழுதுவேன். மேலிருந்து கீழே படித்தால் பொருள் வர வேண்டும். அலங்காரம் அதற்கப்புறம்தான்.

இரண்டு பக்கங்களின் முகவரியையும் மீனாச்சி ஆண்ட்டி வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஆண்ட்டி, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி சமூகத்தவர். பெயர்தான் நம் பெயர். பேச்சு அவர்களுடைய மலாய். அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். போன் லைன் மெதுவாக இருக்கிறதென்று பிரவுசரில் படங்களையே நிறுத்தி வைத்திருந்தார். போட்டிப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்தது வெறும் கட்டங்கள்தான். சரசு அக்காவின் பக்கத்தில் எல்லாம் வரிசையாக இருந்தது. ஆண்ட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நம்பர் இருக்கிறது, போதும் என்று தன் பாஷையில் தீர்ப்புச் சொன்னார். "நொம்போர் அடா, சுக்குப் லா."

ஊர்வலம் போகாத வாசல்

ஐந்து இடத்திலும் சுற்றிவிட்டேன். ஆனால் முக்கியமான கணினி ஆறாவது. அது தொழிற்சாலைக்குள்ளே இருந்தது. காவலர் என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். உள்ளே எந்தப் பிரவுசர், எந்தக் காலத்துப் பிரவுசர் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அன்று முழுக்க அக்காவின் வீங்கிய கால்தான் கண்ணுக்குள் நின்றது.

தேர்வு நாளன்று சமையல்காரர்களைப் பக்கத்தில் உட்காரவைத்தே பக்கங்களைத் திறந்தார்களாம். முதலில் அக்காவுடையது. அங்கே இருந்தது பழங்காலத்துப் பிரவுசர். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட நிறம், கட்டம், ஓரம் எதுவும் அதற்குப் புரியவில்லை. அத்தனையும் உதிர்ந்து, வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து மட்டும் நின்றது. கதை முடிந்தது, நாளையிலிருந்து லைன்தான் என்று அக்கா நினைத்தாராம். அடுத்தது போட்டிக்காரருடையது. சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சதுரம். எதையோ புதிதாக இறக்கிப் போடச் சொன்னது. தொழிற்சாலைக் கணினியில் எதையும் இறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கேன்டீன் பொறுப்பாளரான மலாய்ப் பெண்மணி புவான் ரோஹானா சிறிது நேரம் அந்தச் சதுரத்தையே பார்த்துவிட்டு, அக்காவின் பக்கத்துக்குத் திரும்பினார். மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு, இதைப் படிக்க முடிகிறது என்று மலாயில் அவர் சொன்னதை அக்கா இன்றும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார். "யாங் இனி போலே பாச்சா."

படித்தால் மட்டும் போதுமா? மறுவாரம் சமைத்துக் கொண்டுவரச் சொல்லி, ருசி பார்த்த பிறகுதான் வேலையைக் கொடுத்தார்கள். ருசி அக்காவுடையது. அந்த ருசிவரை வாசலைத் திறந்து வைத்தது என் பக்கம். இந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முன்வாசல்

வேலையின் முதல் நாள் அக்கா என்னையும் வரச் சொல்லியிருந்தார். என்னைத் திருப்பி அனுப்பிய அதே காவலர் இப்போது கேட்டைத் திறந்துவிட்டார். கேன்டீனில் அக்காவோடு முன்பு லைனில் நின்ற பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். "சரசு, நீயாடி!" என்று ஒருத்தி கத்தினாள். அக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டடத்தில் வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பெரிய சோற்றுப்பானை முன்னால் நிறுத்தினார். மூடியைத் தூக்கினார். என் மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. எனக்கு எதுவும் தெரியவில்லை. அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "இப்ப பாரு வாணி. பறக்குதா இல்லயா?"

ஆவி பறக்கும் பக்கம் செய்ய எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் என் பக்கத்தைப் படிக்க முடியாத கணினி ஒன்று மலாக்காவில் எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், மோட்டாரில் எண்ணெய் நிரப்பித்தான் வைத்திருக்கிறேன்.