பார்க்காமல் சொன்னதும் பார்த்துப் படித்ததும்

கவியரங்க மேடையில் தாளைப் பார்த்துப் படிக்கிறவருக்குப் பாதி மரியாதைதான் கிடைக்கும். பார்க்காமல் சொல்கிறவருக்கு முழு மரியாதையும், கூடவே மறந்துவிடுமோ என்ற பயமும் கிடைக்கும். அடுத்த வரி வராமல் மைக் முன்னால் விழித்துக்கொண்டு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதுப்பட்டினத்தில் குடியிருந்துகொண்டு, செங்கல்பட்டு வட்டாரத்தில் பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, படத்திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் கவிதை சொல்லப் போகிறவள் நான்.

இரண்டு முறை சொல்வது ஏன்?

கவியரங்கத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்வோம். சுவைக்காகச் சொல்கிறோம் என்று கேட்கிறவர்கள் நினைப்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, அடுத்த வரியைத் தேட அவகாசம். வாய் பழைய வரியைச் சொல்லிக்கொண்டிருக்கும். மூளை, வைத்த இடம் மறந்துபோன சாவியைத் தேடுகிற மாதிரி தேடிக்கொண்டிருக்கும்.

எனக்கு அந்தக் கஷ்டமும் குறைவு. என் கணவர் நாகராஜன் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பகலெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தில் கருவிகளோடு மல்லுக்கட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் நான் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுக் கேட்டே எல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிடும். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் கேட்க அவர் ஒருவர்தான். மேடையில் நான் தடுமாறினால் அவர் உதடு அசையும், அதைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அவர் வராத மேடையில் ஏறுவதில்லை என்று எனக்குள் ஒரு விதி வைத்திருந்தேன். இவர் இல்லாமல் ஒரு நாள் மேடையில் நிற்க வேண்டிவந்தால் நான் ஊமையாகிவிடுவேன் என்ற பயம்தான் காரணம். இது யாருக்கும் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கல்பட்டில் ஒரு பொங்கல் விழா முடிந்து இறங்கும்போது, மைக்செட் முனுசாமி ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "மேடம், அடுத்த வாட்டி சாருக்கும் ஒரு மைக்கு வெச்சிடட்டா? அவருதான் மொதல்ல சொல்லிகினு கீறாரு."

கடற்கரைக் காற்று

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிப் பந்தல் போட்டு ஒரு கவியரங்கம். தலைவர் தணிகாசலம் ஐயா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் பக்கத்தில் எந்தக் கவியரங்கம் நடந்தாலும் தலைமை அவர்தான். எனக்கு முன்னால் பேசிய கவிஞர் கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் பக்கமாகக் கொண்டுவந்திருந்தார். மைக் முன்னால் வந்து தாளைப் பிரித்ததுமே காற்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. நாலு பேர் ஓடிப் பொறுக்கி வந்து கொடுத்தார்கள். பக்க எண் போடவில்லை. கையில் வந்த வரிசையிலேயே மனிதர் படித்து முடித்துவிட்டார். தாளை நம்பினால் இப்படித்தான் என்று நான் இறுமாப்போடு உட்கார்ந்திருந்தேன். நான் ஒரு வரி பிசகாமல் சொல்லிவிட்டு இறங்கினேன். முன்வரிசைப் பெரியவர் என்னைத் தாண்டிப் போய் அந்தக் கவிஞருடைய கையைப் பிடித்துக்கொண்டார்: "முடிவுலேர்ந்து ஆரம்பிச்சீங்க பாருங்க சார், அது புதுசா இருந்துச்சு."

யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்

கூடுவாஞ்சேரியில் ஒரு படத்திறப்பு. இறந்தவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் போனில் அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டு இரங்கற்பா எழுதினேன். நன்றாக உருப்போட்டு, தாளில்லாமல், எங்கும் நிற்காமல் சொன்னேன். கூடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் உண்டு. மகள் மட்டும் அழவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "நல்லா சொன்னீங்க ஆன்ட்டி. ஆனா பேரை மட்டும் மாத்திட்டா யாருக்கு வேணா பொருந்தும்போல இருந்துச்சு. பேப்பர் இல்லாம கடகடன்னு வந்துச்சா, அதான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணுக்காக இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது அது. செங்கல்பட்டுக்கு ரயிலில் வரும்போது என் கணவரிடம் பொருமித் தீர்த்தேன். வழக்கமாக எனக்குப் பரிந்து பேசுகிறவர், அன்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பரனூர் தாண்டியதும் சொன்னார்: "அந்தப் பொண்ணு மேல கோவப்படாத வசந்தா. நீ ஒரு வாட்டிகூட அவங்கப்பா படத்தைப் பாக்கல. என்னைத்தான் பாத்துக்கிட்டே இருந்த."

நாவலூரில் தனியாக

நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் விழா. காலையில் அவருக்கு நல்ல ஜுரம். நான் போகவில்லை என்றேன். ஒத்துக்கொண்ட மேடையை விடக்கூடாது என்று அவரே கார் பிடித்து அனுப்பிவைத்தார். மேடை ஏறியதும் கண் தானாக மூன்றாவது வரிசைக்குப் போனது. அங்கே யாரோ ஒருவர் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாதிவரை ஓடிவிட்டது. அப்புறம் நின்றுவிட்டது. அதே வரியை இரண்டாவது முறை சொன்னேன், மூன்றாவது முறையும் சொன்னேன். கூட்டம் அதற்கும் கைதட்டியது. கையிலிருந்த போனைத் தற்செயலாகப் பார்த்தேன். அவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி, நான் மேடையேறுவதற்கு முன்பே வந்திருந்தது. முழுக் கவிதையையும் அனுப்பவில்லை. நான் நின்றுபோன இடத்துக்கு அடுத்த வரி, அது ஒன்றுதான். எங்கே நிற்பேன் என்று ஜுரத்தில் படுத்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்துப் படித்தேன், மிச்சம் தானாக வந்தது. இறங்கியதும் குடியிருப்புச் செயலாளர் பொன்னாடையை மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "பரவால்ல மேடம், உங்க ஏஜ்ல இருக்கறவங்களும் இப்ப மொபைல் பாத்துப் படிக்க ஆரம்பிச்சிட்டீங்க."

தாளை வாங்கிக்கொள்கிறவர்

போன வருஷம் ஒரு நாள், காலை நடை முடித்து வந்த என் கணவர் மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. இதை எழுதும்போதும் அழுகையாகத்தான் வருகிறது.

படத்திறப்பில் இரங்கற்பாவைத் தானே பாடிவிடுவதாகத் தணிகாசலம் ஐயா சொன்னார். நான் ஒப்பவில்லை. என் கவிதைகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த மனிதருக்கு நான் ஒன்றையாவது பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சமையலறையில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நான்கு வரிக்கு மேல் போகவில்லை. மறந்தால் பார்த்துக்கொள்ள எதிரே ஓர் உதடு இல்லை என்பது மனசுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. கடைசியில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

புதுப்பட்டினத்தில் ஒரு சின்னக் கூடம். மாலை போட்ட படம் எனக்குப் பக்கத்திலேயே இருந்தது. முதல் வரியைப் பழக்கத்தில் இரண்டு முறை படித்துவிட்டேன். இரங்கல் கூட்டத்தில் அப்படிச் செய்வதில்லை. அப்புறம் ஒரு வரி தாள், ஒரு வரி படம் என்று மாற்றி மாற்றிப் பார்த்துப் படித்தேன். ஊமையாக நிற்கவில்லை. பயந்தது நடக்கவில்லை என்று அந்த நிமிஷத்திலும் ஒரு சின்ன நிம்மதி வந்தது.

இரங்கற்பா படித்து முடித்ததும், அந்தத் தாளை இறந்தவர் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டு இறங்குவது எங்கள் வழக்கம். கண்ணாடிச் சட்டம் போட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் கொடுத்த கை, அன்றும் தானாக நீண்டுவிட்டது. குடும்பத்தார் எங்கே என்று கூட்டத்தில் தேடினேன். ஒருவரும் எழுந்து வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அப்படியே நின்றேன்.

தணிகாசலம் ஐயா எழுந்து வந்தார். என் கையிலிருந்து தாளை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, திரும்ப என்னிடமே நீட்டினார்: "உன் வீட்டுக்கு எழுதினதும்மா இது. நீதான் வாங்கிக்கணும்."

பார்க்காமல் சொல்வது உசத்தியா, பார்த்துப் படிப்பது உசத்தியா என்று இப்போதும் விழாக்களில் என்னைக் கேட்கிறார்கள். எதிரே கேட்க ஓர் ஆள் இருக்கிற வரைக்கும் இரண்டுமே சுலபம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறேன்.